உடையும் நடிக்கும்

நாடகத்தில் நடிகர் வாய்திறக்கும் முன்பே அவர் அணிந்துள்ள உடை பேசத் தொடங்கிவிடுகிறது. கதைமாந்தரின் அகவை, தொழில், செல்வநிலை, மனநிலை ஆகியவற்றை அவையோர் முதலில் உடையின் வழியாகவே அறிகின்றனர். ஆயினும், பள்ளி விழா மேடைகளில் வாடகைக்குப் பெற்ற சரிகை உடைகளே பெரும்பாலும் எல்லாருக்கும் அணிவிக்கப்படுகின்றன. கண்ணகி வழக்குரைக்கும் காட்சியிலும் பட்டும் நகைகளும் மின்னுகின்றன. இவ்வழக்கம் மாறவேண்டும்.

இதற்குச் சிலப்பதிகாரமே வழிகாட்டுகிறது. கடலாடு காதையில் மாதவி பூணும் அணிகலன்களை இளங்கோவடிகள் அடிமுதல் முடிவரை நிரல்படக் கூறுகிறார். கணவனைப் பிரிந்த கண்ணகியோ காற்சிலம்பையும் நீக்கி, மங்கல அணி ஒன்றுடன் இருக்கிறாள். பாண்டியன் அவையில் அவள் புழுதி படிந்த உடலும் விரிந்த கூந்தலுமாக, கையில் ஒற்றைச் சிலம்பு ஏந்தி நிற்கிறாள். அவளுடைய துயரின் வளர்ச்சியை இத்தோற்ற மாற்றங்களே உணர்த்திவிடுகின்றன.

பொற்கொல்லனை நோக்குங்கள். சட்டை அணிந்து, நூறு கொல்லர் பின்தொடர, மதிப்புமிக்கவனாக அவன் வருகிறான். அவனுக்குக் கருநிற உடையும் முறுக்கிய மீசையும் அளித்தால் அவையோர் அவனை வஞ்சகன் என உடனே அறிவர். ஆனால், கோவலன் அவனை நம்பியது ஏன் என்பது விளங்காமற்போகும். சிலம்புகளை வேறுபடுத்திக் காட்டியவை உள்ளிருந்த முத்தும் மாணிக்கமுமே அல்லவா? புறத்தோற்றத்தை நம்பி நீதி தவறிய கதைக்கு இப்பொருத்தம் இன்றியமையாதது.

காப்பிய நாடகத்திற்குப் பகட்டே அழகு என்பர் சிலர். பகட்டுக்கும் இங்கு இடமுண்டு. அது பாண்டியன் அரசவைக்கு உரியது. மணிமுடியும் பொன்னணிகளும் ஒளிரும் அவ்வவையில் அணியிழந்த ஒருத்தி நீதி கேட்கும்போதுதான் அக்காட்சி நெஞ்சைத் தொடும். எல்லாரும் மின்னினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். சிலம்பு ஏந்திய கையில் வளையல்களும் மின்னினால், கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சிலம்பே புலப்படாது. கண்ணகிக்கு நிறம் மங்கிய பருத்திச் சேலை ஒன்றே போதும், செலவும் குறையும்.

மாணவர்களே, நாடகம் நிகழ்த்த முனையும்போது உடைக் கடைக்குச் செல்லும் முன் மூலநூலைப் படியுங்கள். இம்மாந்தர் இக்காட்சியில் எதைப் பெற்றிருக்கிறார், எதை இழந்திருக்கிறார் என ஆராயுங்கள். அதன்பின் உடையைத் தேர்ந்தெடுங்கள்.