கைத்துப்பாக்கிக்கு ரெண்டாவது பட்டன் கிடையாது

"துப்பாக்கி தவறுதலாக வெடித்தது"ன்னு பேப்பர்ல பார்த்தாலே பத்திக்கிட்டு வருது மக்களே. 2023 டிசம்பர் 8, அலிகார் காவல் நிலையம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து நின்ன பெண்ணின் தலையில், எஸ்.ஐ. கையில் வாங்கிய பிஸ்டலின் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனார்.

இங்க ஒரகடம் பக்கம் பிரஸ் மெஷின்ல, ரெண்டு கையும் ரெண்டு பட்டன்ல இருந்தாத்தான் மெஷின் இறங்கும். பிஸ்டலுக்கு அந்த வசதி இல்லை. பழக்கம்தான் ரெண்டாவது பட்டன். உறையிலிருந்து உருவும்போது விரல் டிரிக்கருக்கு வெளியே நேரா இருக்கணும். குழல் மனுஷங்க பக்கம் திரும்பவே கூடாது. யார் கொடுத்தாலும் குண்டு இருக்குன்னே நினைச்சு வாங்கணும்.

"ஆபத்து நேரத்துல இதெல்லாம் முடியுமா?"ம்பாங்க. பாஸ்போர்ட்டுக்கு வந்தவங்களால என்னய்யா ஆபத்து?

இனிமே 'தவறுதலாக'ன்னு எழுதுறதுக்கு முன்னாடி, விரல் எங்க இருந்ததுன்னு கேளுங்கப்பா.