நம்ம கணினியில் ஓடினால் போதுமா?



நம் பள்ளி நூலகப் பட்டியலில் ஒரே எழுத்தாளரின் பெயர் நாலு விதமாக இருந்தது. அதைத் திருத்த, அண்ணனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில், லினக்ஸில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். கட்டளைகளை வரிசையா ஒரு கோப்பில் எழுதி வெச்சா கணினி தானே செய்யும், அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு நொடியில் பட்டியல் சரியானது. எனக்கு ஒரே பெருமை!

அப்புறம் மடிக்கணினி ரிப்பேர். மீதிப் பட்டியலைத் திருத்த, பெரியம்மா மகள் அக்காவின் ஆப்பிள் கணினியில் அதே ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிழை, பிழை என்றே வந்தது.

காரணம் 'செட்' என்ற கட்டளை. பெயர் ஒன்றுதான், செய்தவர்கள் வேறு. லினக்ஸில் 'மைனஸ் ஐ' போட்டால் கோப்பை அப்படியே திருத்தும். ஆப்பிளில், பழைய நகலின் பெயருக்கு என்ன வால் வைப்பது என்றும் சொல்லணும். நான் சொல்லவில்லை. அது என் திருத்த வரியையே வாலாக எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைக் கட்டளை என்று நினைத்துவிட்டது!

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் அம்மாவிடம் சொன்னேன். "ஏனம்மிணி, மிஷின் மாறுனா வேஸ்ட் துணியில தெச்சுப் பாத்துட்டுத்தான பீஸை எடுக்கோணும்" என்றார். கணினிக்கும் அதுதான் சரி என்பது என் கருத்து.

"அவங்கவங்க கணினியில் ஓடினா போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. நம் கணினியே நாளைக்கு மாறும். 2006-ல் உபுண்டு லினக்ஸ், 'எஸ்.எச்' என்ற பெயருக்குப் பின்னால் இருந்த 'பாஷ்' நிரலை எடுத்துவிட்டு 'டாஷ்' வைத்தது. பாஷுக்கு மட்டும் தெரிந்ததை எழுதியிருந்த பல ஸ்கிரிப்டுகள் நின்றுபோயின. 2025 அக்டோபரில் உபுண்டு 25.10, பழைய கட்டளைகள் பலவற்றுக்குப் பதில் ரஸ்ட் மொழியில் எழுதியவற்றை வைத்தது. அதில் 'டேட்' கட்டளையில் இருந்த ஒரு பிழையால் தானாகப் புதுப்பிப்பு தேடும் வேலையே சில கணினிகளில் நின்றது.

இதற்காகத்தான் 'பாசிக்ஸ்' என்ற பொது விதி 1988-ல் வந்தது. 1992-ல் ஷெல்லுக்கும் கட்டளைகளுக்கும் விதி சேர்ந்தது. நான் போட்ட 'மைனஸ் ஐ' அந்த விதியிலேயே இல்லை!

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. பொது விதியில் உள்ளதை மட்டும் எழுதுவோம். நான் இப்போது திருத்தியதைப் புதுக் கோப்பில் எழுதி, பிறகு பழைய பெயருக்கு மாற்றுகிறேன். இரண்டு கணினியிலும் ஓடுகிறது.
2. பாஷ் கட்டாயம் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே பாஷ் என்று எழுதுவோம்.
3. முதலில் நகலில் ஓட்டிப் பார்ப்போம்.

கணினி ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் ஸ்கிரிப்ட் இரண்டு விதமான கணினியில் ஓடிய பிறகே மதிப்பெண் போடுங்கள்.

பத்தாவது முடித்து நான் போய்விடுவேன். இந்தப் பட்டியலை அடுத்து பார்க்கப்போவது ஏழாம், எட்டாம் வகுப்புத் தங்கைகள். அவர்கள் கையில் எந்தக் கணினி இருக்குமோ தெரியாது. அதிலும் ஓடினால்தான் நான் செய்தது வேலை.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி