கட்டுமான உரிமம்: நிறுவனத்துக்கா, மனிதருக்கா?

2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் கயிற்றை இறக்கி, பெண் ஓட்டுநரை மேலே இழுத்தனர். அவர்களின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசினோம். விபத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள். ஆனால் இளையர்களாகிய நாம் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. சிங்கப்பூரில் கட்டடம் கட்ட யாருக்கு அனுமதி கிடைக்கிறது?

இன்றைய விதிமுறைகளுக்குப் பின்னால் இரண்டு துயரங்கள் இருக்கின்றன. 1986ல் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் அதை வடிவமைத்திருந்தார்கள்! பிறகு 1989ல் வந்த சட்டம், கட்டமைப்பு வரைபடங்களை வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றது.

அது வரைபடத்துக்கான காவல். கட்டுபவருக்கு?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி, வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நிக்கல் ஹைவேயின் ஒரு பகுதியும் இறங்கியது. நால்வர் உயிரிழந்தனர். வடிவமைப்பில் பிழைகள் இருந்ததோடு, ஆபத்தின் அறிகுறிகள் முன்பே தெரிந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. 2007ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 2009 முதல் கட்டுமான நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயமானது. அதை வழங்குவது கட்டட, கட்டுமான ஆணையம்.

பொதுக் கட்டுமான உரிமத்தில் இரண்டு வகுப்புகள் உள்ளன. முதல் வகுப்புக்குக் குறைந்தது 300,000 வெள்ளி மூலதனம் வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 25,000 வெள்ளி போதும், ஆனால் 6 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட திட்டங்களை எடுக்க முடியாது. அடித்தளத் தூண் இறக்குதல், எஃகுக் கட்டமைப்பு போன்றவற்றுக்குத் தனிச் சிறப்பு உரிமம் தேவை.

பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். உரிமத்தின் உயிர் இரண்டு மனிதர்களிடம் இருக்கிறது. ஒருவர், நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்கும் 'அங்கீகரிக்கப்பட்ட நபர்'. மற்றவர், கட்டுமானப் பணியை நேரடியாக மேற்பார்வையிடும் 'தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளர்'. இருவருக்கும் தகுதியும் தள அனுபவமும் வேண்டும். அதே காலத்தில் வேறு நிறுவனத்துக்கு இப்பொறுப்பை ஏற்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். இல்லாவிட்டால், ஒரே சான்றிதழ் பத்து நிறுவனங்களின் சுவரில் தொங்கும். அதற்கு உரியவரை ஒரு தளத்திலும் பார்க்க முடியாது.

ஆனாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 'நேரடி மேற்பார்வை' என்று சட்டம் சொல்வது தளத்தில் நடக்கிறதா என்பதை விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்த்த தள அறிவிப்புப் பலகைகளில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளரின் பெயரும் அதே அளவில் இருந்தால் என்ன? கீழே வேலை செய்யும் ஊழியருக்கு, யாரிடம் போய் "சார், சுவர் விரிசல் விடுகிறது" என்று சொல்வது என்றாவது தெரியும்.

வீட்டில் புதுப்பிப்பு வேலை நடப்பவர்கள் இந்த உரிமத்தை நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. வீவக வீடுகளுக்கு, கழகத்தின் பட்டியலில் உள்ள புதுப்பிப்பு ஒப்பந்ததாரர்கள் என்பது தனி ஏற்பாடு. கட்டட உரிமம் இருக்கிறது என்பதற்காக, நீங்கள் கட்டிய முன்பணம் பத்திரமாக இருக்கும் என்று பொருளில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கட்டுமானம் படிப்பவர்கள், சில ஆண்டுகளில் இத்தகைய பொறுப்புக்குப் பெயர் கொடுக்கும்படி கேட்கப்படலாம். வேலைப் பயிற்சிக்குப் போகும்போதே விசாரித்து வையுங்கள்: இங்கே தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளர் யார், வாரத்தில் எத்தனை நாள் தளத்துக்கு வருவார்?