உஸ்மான் எமது நற்சான்றிதழ் அல்ல



ஜூலை 3 வந்தால் இந்திய இராணுவத்தின் பிரிகேடியர் முஹம்மது உஸ்மானைப் பற்றிய பதிவுகளை நாமும் பகிர்கிறோம். கூடவே ஒரு வரி: "பாருங்கள், முஸ்லிம்களும் நாட்டுக்காக உயிர் கொடுத்திருக்கிறார்கள்!" இந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம்.

முதலில் மனிதரை அறிந்துகொள்வோம். 1912இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்தவர். சான்ட்ஹர்ஸ்டில் பயிற்சி பெற்று பலூச் படைப்பிரிவில் சேர்ந்தார். 1947 பிரிவினையில் அந்தப் படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போனது. அங்கு வந்தால் உயர்பதவி கிடைக்கும் என்று அழைப்பும் வந்ததாகச் சொல்வார்கள். அவர் போகவில்லை. டோக்ரா படைப்பிரிவுக்கு மாறி இந்தியாவிலேயே இருந்துவிட்டார்.

அதே வருடம் டிசம்பரில், காஷ்மீர்ப் போரில் ஜாங்கர் இந்தியாவின் கையை விட்டுப் போனது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று முடிவெடுத்து, அந்தக் குளிரிலும் தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948 பெப்ரவரியில் அவரது 50ஆவது பரா பிரிகேட் நௌஷேராவைக் காத்தது. மார்ச்சில் ஜாங்கரும் மீண்டது. அவரது தலைக்கு எதிர்த்தரப்பு 50,000 ரூபாய் விலை வைத்தது. ஜூலை 3ஆம் திகதி ஜாங்கரில் எறிகணை விழுந்து உயிரிழந்தார். 36 வயது நிறைய இன்னும் 12 நாட்களே இருந்தன. ஜனாஸாவில் பிரதமர் நேருவும் கலந்துகொண்டார். மஹாவீர் சக்ரா விருது மரணத்தின் பின் வழங்கப்பட்டது.

திருமணம் செய்யாதவர். சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டார். நௌஷேராவில் அநாதையான சிறுவர்களைச் சேர்த்து உணவும் கல்வியும் கொடுத்தார். அந்தச் சிறுவர்களில் சிலர் போர்க்களத்தில் செய்தி கொண்டு போகவும் பயன்பட்டார்கள். ஆசிரியர்களாகிய நாம் அதை மெச்ச முடியாது. மாவீரர் என்றாலும் மனிதர்தானே.

இனி அந்த வரிக்கு வருவோம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு எம்மைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களுக்குப் பதிலாக, 1996இல் முல்லைத்தீவுச் சமரில் உயிரிழந்த லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபிரின் பெயரை நீட்டினோம். பயந்து போயிருந்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சந்தேகப்பட முடிவெடுத்தவனுக்கு எத்தனை பெயர் சொன்னாலும் போதாது. டில்லியில் ஜாமியா மில்லியா அருகே மையவாடியில் இருக்கும் உஸ்மானின் கப்ரு 2020 டிசம்பரில் சேதமடைந்து கிடந்ததாகச் செய்தி வந்தது. பிறகு இராணுவமே அதைச் சீரமைத்தது. மஹாவீர் சக்ரா பெற்றவருக்கே இந்த நிலை.

மீன் விற்பவர், தையல்காரர், தாதி, விவசாயி என்று எமது ஊரில் எல்லோரும் இந்த நாட்டின் பிரஜைகள். அந்த உரிமைக்கு வீட்டுக்கொரு ஷஹீதைக் காட்ட வேண்டியதில்லை. பெரும்பான்மைச் சமூகத்துப் பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்பதுமில்லை.

ஆகவே அடுத்த ஜூலையிலும் உஸ்மானைப் பற்றிப் பேசுவோம். பதவியை விடத் தான் பிறந்த மண்ணைத் தேர்ந்தெடுத்ததை, சொன்ன சொல்லுக்காகத் தரையில் படுத்ததை, அடுத்தவர் பிள்ளையின் படிப்புக்குத் தன் சம்பளத்தைக் கொடுத்ததை எமது பிள்ளைகளுக்குச் சொல்வோம். அந்த வரியை மட்டும் இம்முறை எழுதாமல் விடுவோம்.