வரும்போதே போவதைப் பேசுங்கள்



ஆனி பிறந்துவிட்டது. பள்ளிக்கூடங்களும் திறந்தாயிற்று. ஆடி வருவதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று சென்னையில் ஒரு கூட்டம் தெருத் தெருவாக 'டு-லெட்' போர்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த முறை இந்தப் பக்கம் வீட்டு ஓனர்களுக்கு. புரோக்கர்களுக்கும், வாடகை வரும் என்று நம்பி ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்த்தால் தப்பில்லை.

வாடகை விவகாரத்தில் சண்டை வருவது பெரும்பாலும் காலி செய்யும்போதுதான். குடி வரும் நாளில் இரண்டு தரப்பும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். காலி செய்வதைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் கிடையாது.

முதலில் அந்த 11 மாதக் கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரமாகப் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்குள் சிக்காமல் இருக்கத்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதிப் பழகினோம். நம் ஊரில் அதிகம் பேர் வீடு மாறுவது தையிலும் ஆவணியிலும். விரல் விட்டு எண்ணுங்கள். ஆவணியில் தொடங்கும் 11 மாதம் ஆனியோடு முடிகிறது. காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும். தையில் தொடங்கினால் கார்த்திகையோடு முடியும், அடுத்தது மார்கழி. வருஷத்தில் யாரும் வீடு மாறாத மாதம் பார்த்து நாமே கணக்கை முடித்து வைக்கிறோம்! ஒன்பது மாதம் என்று எழுதிப் பாருங்கள். ஆவணியில் வந்தவரின் கெடு சித்திரையோடு முடியும்; வைகாசியில் ஆள் தேடுவது எளிது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11-க்கு இனி தனி மகிமை இல்லை.

அடுத்தது அட்வான்ஸ். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பல காலப் பழக்கம். ஆனால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். அட்வான்ஸ் தொகை கைக்கு வந்ததும் பெண்ணின் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ போய்விடுகிறது. குடித்தனக்காரர் காலி செய்கிறேன் என்றதும், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்கிறார் ஓனர். குடித்தனக்காரரோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார். காலி செய்து ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. வாங்கிய அன்றே தனியாக ஒரு வைப்புநிதியில் போட்டு வையுங்கள். வட்டி உங்களுக்கே.

பத்து மாதம் கேட்பது ஓனருக்கே லாபமில்லை என்பது என் கட்சி. மாத வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் வாங்கினால் குறைவது 1,08,000 ரூபாய். அதற்கு 7 சதவீத வட்டி வருஷத்துக்கு 7,560 ரூபாய். பெரிய அட்வான்ஸ் கேட்டு வீடு ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் 18,000. வாடகை பாக்கிக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்பீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்தாலே வீட்டைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டே போனால் எந்த அட்வான்ஸும் போதாது.

பெயின்டிங் காசு. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைக் கேள்வியில்லாமல் பிடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பழைய குழாய், ஒயரிங் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. வேறு மாதிரி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதிவிடுங்கள். குடி வருபவரிடம் சாவி கொடுக்கும் அன்று குளியலறை டைல்ஸ், சமையலறை சிங்க், கீசர், மின்விசிறி, இபி மீட்டர் எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து நின்று வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. மீட்டர் என்றதும் இன்னொன்று: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரிந்த மாதிரி குடித்தனக்காரருக்கும் தெரியும். முதல் யூனிட்டிலிருந்தே சப்-மீட்டரில் கணக்குப் பார்க்கும் சில்லறைத்தனம் வேண்டாமே.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வாடகைக்கு விடுபவர்கள் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெளிநாடுவாழ் ஓனருக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் முழு வாடகையையும் அனுப்பி, கடைசியில் நோட்டீஸ் வாங்குவது குடித்தனக்காரர்தான்.

புரோக்கர் நண்பர்களே, தண்ணீரைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். மெட்ரோ வாட்டர் எப்போது வருகிறது, மே மாதம் போர் வற்றுமா, லாரித் தண்ணீர்க் காசை யார் கட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துபோகிற விஷயங்கள். ஏமாந்து வந்தவர் ஆறாம் மாதம் கிளம்பும்போது உங்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார். 'சைவம் மட்டும்', 'ஃபேமிலி மட்டும்' என்று வடிகட்டும் ஓனர்களிடமும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வாடகை ஒழுங்காக வருவதற்கும் அடுப்பில் என்ன வேகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

வாடகைக்கு விடவென்றே ஃபிளாட் வாங்குபவர்களுக்கு: "வாடகையே இஎம்ஐ கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் பேனாவை எடுங்கள். 60 லட்சம் ஃபிளாட், வாடகை 15,000. வருஷத்துக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். சொத்து வரி, மெயின்டனன்ஸ், காலி மாதம் இன்னும் கழிக்கவில்லை. 45 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 39,000 ரூபாயைத் தாண்டும். மீதி 24,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறோம் என்றால், விற்கும் நாளை இப்போதே நினைத்துப் பாருங்கள். அன்று உங்களிடம் வாங்குபவரின் வங்கி வக்கீல் தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பணி நிறைவுச் சான்று எல்லாவற்றையும் கேட்பார். அவர் கேட்கப்போவதை நீங்கள் இன்று கேளுங்கள். புதிய புராஜெக்ட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும், விற்க வரும் ஏஜென்ட்டின் பதிவு எண்ணையும் வாங்கி இணையத்தில் சரிபார்த்த பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசலாம். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க பில்டருக்கு உரிமை இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்