சுக்கான் யார் கையில்?

தேனியில் பஞ்சாலை ஓட்டுபவருக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுபவருக்கும் கடல் தூரம். டச்சுக்காரனின் யுத்தக் கப்பலோ அதைவிடத் தூரம். அந்தக் கதை நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1863 ஜூலையில் மெதுசா என்ற டச்சு நீராவிப் போர்க்கப்பல் ஜப்பானின் ஷிமோனோசெக்கி நீரிணை வழியே சென்றது. அந்நியரை விரட்டத் துடித்த சோஷு பிரபுவின் பீரங்கிகள் அதன்மீது சுட்டன. மாலுமிகள் நால்வர் மாண்டனர். மறு ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் 17 கப்பல்கள் திரண்டு வந்து கரையோரப் பீரங்கி மேடைகளைத் தகர்த்தன. அவற்றில் 4 ஹாலந்துடையவை. பிறகு 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டார்கள். சுட்டவன் பிரபு, தண்டம் யார் தலையில்? நெல்லை வரியாக அளந்து கொட்டிய விவசாயியின் முதுகில்தானே அந்நாட்டு அரசு உட்கார்ந்திருந்தது!

ஹாலந்தின் பலமும் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1830 முதல் ஜாவா விவசாயியைக் கட்டாயப்படுத்திக் காப்பியும் கரும்பும் அவுரியும் விளைவித்து, அந்த வருமானத்தால் டச்சு அரசு தன் கஜானாவை நிரப்பிக்கொண்டது.

நம் மண்ணும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. 1841ல் சீனத்தின் காண்டன் நகரை மிரட்டிய நெமிசிஸ் என்ற இரும்பு நீராவிக் கப்பல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொத்து. அந்த யுத்தத்தில் கரையிறங்கியவர்களில் 37வது சென்னை சிப்பாய்ப் படையும் உண்டு. இந்திய விவசாயியைக் கசக்கி எடுத்த அபினியைச் சீனர் தலையில் கட்டுவதற்காக, ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தினார்கள்.

அப்படியானால் குற்றம் நீராவியினுடையதா? இல்லை. இதே டச்சு அரசு 1855ல் சூம்பிங் என்ற நீராவிக் கப்பலை ஜப்பானுக்கு அன்பளிப்பாகத் தந்தது. நாகசாகியில் கடற்படைப் பயிற்சியும் அளித்தது. கற்றுக்கொண்ட ஜப்பானிய ஆளும் வர்க்கம் என்ன செய்தது? 1875ல் கொரியாவின் கங்வா தீவுக்குத் தன் போர்க்கப்பலை அனுப்பிச் சண்டை மூட்டியது. மறு ஆண்டே சமமற்ற ஒப்பந்தத்தை அந்நாட்டின்மீது திணித்தது. அடி வாங்கியவனே அடிக்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பாதையின் கோடியில், 1942-43ல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மடிந்தார்கள்.

அதே நீராவியை 1906ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் தூத்துக்குடியில் கையில் எடுத்தார். சுதேசிக் கப்பல் வெள்ளையனின் கப்பல் ஏகபோகத்தை எதிர்த்து ஓடியது. 1908ல் அதே ஊரின் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார். அந்த ஆண்டே சிறைக் கதவு அவருக்காகத் திறந்தது. யந்திரம் ஒன்றுதான். அது யாருக்காக ஓடுகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி நம் வாசலிலும் நிற்கிறது. பெரியாறு அணை 1895ல் வந்தது, தண்ணீர் பாய்ந்தது. ஆனால் நாற்று நட்ட கைக்கு நிலம் வரவில்லை. இன்று அறுவடை யந்திரம் வயலில் இறங்கினால், அரிவாள் பிடித்த பெண்களின் கூலி நாட்கள் குறைகின்றன. ஆலையில் புது யந்திரம் வந்தால், நான்கு பேர் வேலையை ஒருவர் தலையில் ஏற்றுகிறார்கள். மிச்சமாகும் பணம் முதலாளியின் பைக்குப் போகிறது.

யந்திரத்தை உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யந்திரம் வந்தால் வேலை நேரம் குறையட்டும், கூலி குறையக்கூடாது. வேலை இழப்பவருக்கு மாற்று வேலை முதலில், யந்திரம் பிறகு. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தனித்தனியே கேட்டால் இது கிடைக்காது. சேர்ந்து கேட்க வேண்டும். பாய்லரில் கரி தள்ளுகிறவனுக்கும் கப்பலின் திசையைத் தீர்மானிக்கும் உரிமை வேண்டும். அதற்குச் சங்கம் ஒன்றே வழி.