அடுத்த மழைக்குமுன் அந்த கேசட்டை எடுங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்து, தெரு எது, வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அப்படியோர் இரவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் எதை முதலில் தூக்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், நகை. பீரோவின் அடித்தட்டில் பட்டுப் புடவைகளுக்குக் கீழே கிடக்கும் கல்யாண வீடியோ கேசட் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அது அழியப் புயல்தான் வரவேண்டும் என்பதும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். மலைமேல் சிவன் கோயில், குகைப் பாறையில் பழங்கால மனிதர்கள் கீறிவைத்த உருவங்கள், சுற்றிலும் கல்குவாரிகள். அங்கிருந்து கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள், பக்கத்திலேயே கழுவெளிச் சதுப்பு நிலம். உப்புக் காற்று இரும்பு ஜன்னலையே அரித்துவிடும் கரை இது. காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல். காந்த நாடாவைப் பாதுகாக்க வேண்டுமானால் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆக, இந்த வட்டாரத்தில் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்த கேசட்டும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கெடுவது எப்படி என்று கேசட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். விஎச்எஸ் கேசட்டின் முகப்பில் இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சுருளின் பக்கவாட்டு கரும்பழுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். அங்கே வெள்ளைப் பொடிபோலவோ சிலந்தி வலைபோலவோ ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. அந்த கேசட்டை டெக்கில், அதாவது விசிஆரில், போடக் கூடாது. போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். அடுத்து போடும் நல்ல கேசட்டும் கெடும். இன்னொரு வகைக் கேடு கண்ணுக்கே தெரியாது. பாலியெஸ்டர் நாடாவின்மேல் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். ஓடவிட்டால் நாடா இழுபடும், கீச்சிடும், துகள் உரிந்து வரும். உரிந்த இடத்தில் தாலி கட்டும் காட்சி இருந்திருந்தால் அது போனது போனதுதான்.

இதில் இருப்பது வெறும் கல்யாணம் காதுகுத்துதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு 2004 டிசம்பர் 26 பதில் சொல்கிறது. மரக்காணம் கரையோரக் கிராமங்களையும் தாக்கிய அதே சுனாமி இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரத்துக்குள் புகுந்தபோது, அங்கே உயிர் தப்பியவர்கள் சிலர் வீட்டு வீடியோ கேமராவில் அதைப் பிடித்தார்கள். ஹெர்மன் ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் அந்தப் பதிவுகளை எடுத்து, படம் பிடித்த இடத்துக்கே போய் அளவெடுத்து, தெருவில் ஓடிய வெள்ளத்தின் வேகம் விநாடிக்கு 2 முதல் 5 மீட்டர் என்று கணக்கிட்டு 2006இல் வெளியிட்டார்கள். வேகத்தை அளக்க அந்தத் தெருக்களில் எந்தக் கருவியும் இருக்கவில்லை. கை நடுங்கப் பிடித்த வீட்டு வீடியோதான் இருந்தது.

திருவிழாப் பதிவுகளுக்கும் இதே மதிப்பு உண்டு. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1980களில் வீடியோ ஆவணப்படம் எடுத்தார். பல்கலைக்கழகத்தின் துணை இருந்ததால் அது இன்றும் அறிஞர்களுக்குத் தெரிந்த படமாக இருக்கிறது. அதே காலத்திலும் அதற்குப் பிறகும், தீமிதியையும் கூத்தையும் தேரையும் உள்ளூர் வீடியோக்காரர்கள் எத்தனையோ ஊர்களில் பிடித்தார்கள். ஆராய்ச்சியாளர் வந்து போகிறவர். உள்ளூர்க்காரருக்கு யார் வீட்டுப் பிள்ளை கரகம் எடுக்கிறது, எந்தக் கூத்தாடி எந்த வேஷம் கட்டுகிறார் என்று தெரியும். கேமராவும் அங்கேயே போய் நிற்கும். அந்தப் பதிவுகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் துணை இல்லை. அவை பரணில் இருக்கின்றன.

கல்யாண கேசட்டையும் அலட்சியமாக நினைக்க முடியாது. 1990களின் கல்யாண வீடியோ என்றால் இதய வடிவச் சட்டத்துக்குள் மணமக்கள், பின்னால் சினிமாப் பாட்டு. மிக்ஸிங் செய்யும்போது மண்டபத்தின் சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். மூல கேசட்டை ஸ்டுடியோக்காரர் அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வார். அதனால் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பிரதியின் பிரதி. ஆனாலும் பந்தியில் உட்கார்ந்தவர்கள், மொய் எழுதும் மேஜை, பந்தலுக்குப் பின்னால் தெரியும் கூரை வீடு, அன்றைக்கு இன்னும் உடைக்கப்படாத ஒரு பாறை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எங்காவது மைக்செட் நின்ற இடைவெளியில் தாத்தா யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல் பத்து விநாடி கேட்கும். அந்தக் குரல் வேறு எங்கும் கிடையாது.

நாடா ஒருபுறம் கெட, அதை ஓட்டும் இயந்திரமும் ஒழிந்துகொண்டிருக்கிறது. விஎச்எஸ் 1976இல் ஜப்பானில் ஜேவிசி கொண்டுவந்தது. கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வந்த ஹேண்டிகேம்களின் கதையும் இதுதான். சிறு டிஜிட்டல் கேசட்டில் பதியும் மினிடிவி கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் வழியை ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்திலிருந்தே நீக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015லேயே, காந்த நாடாக்களை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும் என்று எச்சரித்தது. யுனெஸ்கோவும் 2019இல் அதே எச்சரிக்கையோடு உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றில் இறங்கியது. அந்தக் கெடு தாண்டிவிட்டது. இனி ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு இழப்பு.

வேலை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஓடுகிற டெக் ஒன்று, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி வயர், யுஎஸ்பியில் செருகும் கேப்ச்சர் கருவி, ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருள், இவை போதும். பொறுமைதான் அதிகம் வேண்டும். பைலை நகலெடுப்பதுபோல் இதை நகலெடுக்க முடியாது. மூன்று மணி நேர கேசட் மூன்று மணி நேரம் ஓடியே தீரவேண்டும். முதலில் கேசட்டின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட வேண்டும். அது இருந்தால் தவறிப்போய் மேலே பதிவாகிவிடும். அந்த நாக்கு உடைந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, நிச்சயதார்த்தத்தின்மேல் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பதிவு செய்த வீடுகள் அந்தக் காலத்தில் ஏராளம். ஹெட் அழுக்கானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத மெல்லிய தோலைப் பொருத்தி டிரம்மைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். இன்றைக்கு அந்த ஹெட்டுக்கு மாற்று கிடைப்பது அரிது.

மினிடிவி இன்னும் சுலபம். அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல்தான். ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி ஒன்று கிடைத்தால், தரம் ஒரு இம்மியும் குறையாமல் அப்படியே இறக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும்.

புதுச்சேரியை ஒட்டிய இந்தப் பகுதிக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்கிருந்து அனுப்பிய கேசட்டுகளில் பல சீகாம் என்ற வண்ண முறையில் பதிவானவை. நம் ஊர் பால் முறை டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் இருப்பார்கள். அது கெடவில்லை, நிறம் உள்ளேயே இருக்கிறது. சீகாம் படிக்கும் டெக் வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய முடியாதவர்கள் கடைக்குக் கொடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால், "சிடி போட்டுத் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். விசிடியில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள்தான். பால் முறையில் முழுப் படம் 720க்கு 576. கேசட்டில் எஞ்சியிருக்கும் கொஞ்ச விவரத்தையும் விசிடி தின்றுவிடும். எழுதக்கூடிய சிடியும் டிவிடியும் சாயத்தை நம்பி இருப்பவை, இந்த வெயிலுக்குச் சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமல் போகக்கூடியவை. முழு அளவில், வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், பைலாக ஹார்டு டிஸ்கில் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். மினிடிவியின் தரத்தில் வைத்தாலும் மூன்று மணி நேர கேசட் ஒன்றுக்கு 40 ஜிபிதான். ஒரு டெராபைட் டிஸ்கில் 25 கேசட் அடங்கும். அதே டிஸ்கின் நகல் ஒன்று வேறு ஊரில், அக்கா வீட்டிலோ மகன் வீட்டிலோ இருந்தால்தான் அடுத்த புயலுக்கு அர்த்தமுள்ள பாதுகாப்பு. கடைக்காரர் கணினியில் இருக்கும் பிரதியை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டும் வர வேண்டும். அதில் இருப்பவர்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள். யூடியூபில் ஏற்றிவைத்தால் பத்திரம் என்ற எண்ணமும் இரட்டைத் தவறு: தரமும் குறையும், ஊரே பார்க்கும்.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. உப்பளத்தில் தினக்கூலிக்கு வேலை செய்பவர் டெக் தேடி அலைய முடியாது. பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை இது, அதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் கிடந்த குடும்பப் புகைப்படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கியது. யாரென்றே தெரியாத குடும்பங்களின் படங்களை ஆய்வுக்குரிய செல்வமாக மதித்தது அந்த முயற்சி. வாஷிங்டன் நகரப் பொது நூலகம் 2016 முதல் நினைவுக் கூடம் ஒன்றை நடத்துகிறது. டெக், கணினி, இணைப்பு எல்லாம் அங்கே தயாராக இருக்கும். நூலகத்துக்கு வருபவர் நேரம் பதிவு செய்துகொண்டு தம் கேசட்டைத் தாமே இலவசமாக மாற்றிக்கொண்டு போகலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் டிஜிட்டலாக்கித் தமிழ் மின்நூலகத்தில் வைத்திருக்கிறது. அந்த அனுபவமும் பொது நூலகத் துறையின் கட்டடங்களும் கைவசம் இருக்கும்போது, திண்டிவனத்திலும் மரக்காணத்திலும் நூலகத்தில் ஒரு மேஜை போடுவது பெரிய செலவில்லை. வீட்டுப் பதிவு வீட்டுக்கே திரும்பட்டும். திருவிழா, கூத்து, உப்பளம், புயல் சேதம் போன்றவற்றை மட்டும், கொடுப்பவர் மனமுவந்து சம்மதித்தால், ஒரு பிரதி நூலகம் வைத்துக்கொள்ளலாம்.

ஆள்தான் இதில் அவசரம். ரப்பர் பெல்ட் மாற்றவும், சிக்கிய நாடாவை அறுக்காமல் எடுக்கவும், ஹெட்டைச் சீர்செய்யவும் தெரிந்த டிவி மெக்கானிக்குகள் திண்டிவனம் போன்ற ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கடையை மூடிவிட்டுச் செல்போன் உதிரிபாகம் விற்கிறவர்களும் உண்டு. அவர்களைத் தேடி அழைத்து, கௌரவமான சம்பளம் கொடுத்து அந்த மேஜையில் உட்காரவைக்க வேண்டும். பக்கத்திலேயே பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்முன் மாவட்ட நிர்வாகம் இதற்கு உத்தரவிட முடியும்.